விபத்து அறுவை சிகிச்சை தோட்டப்புறத்திற்கும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விபத்து, அவசர அறுவை சிகிச்சையைத் தனிச் சிறப்புத் துறையாக வளர்க்க வேண்டுமென்று வலியுறுத்திய தங்கள் தலையங்கத்தை முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால் அத்துறை பெருநகர மருத்துவமனைகளோடு நின்றுவிட்டால், எங்களைப் போன்ற தோட்டப்புற மக்களுக்கு அதன் பயன் வந்து சேராது. 2019இல் மட்டும் நம் மலேசிய நாட்டுச் சாலை விபத்துகளில் 6,167 பேர் மாண்டனர். 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் தாம் ஓட்டிய சிறு விமானம் விழுந்து மனைவியை இழந்த எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர், காயமுற்ற தம் பிள்ளைகளுக்குச் சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் குறைகளைக் கண்டு மனம் வெதும்பியதிலிருந்தே, இன்று பல நாடுகளில் மருத்துவர்கள் கற்கும் விபத்து உயிர்காப்புப் பயிற்சி பிறந்தது என்பது இங்கே நினைக்கத் தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன், செம்பனைத் தோட்டத்து வேலைக்கு மோட்டார் சைக்கிளில் சென்ற என் பக்கத்து வீட்டு அண்ணன் லாரியில் மோதி வயிற்றில் அடிபட்டார். வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லை. உள்ளே இரத்தம் கசிவதை அறிந்து, நகரத்துக்கு அனுப்பி, அறுவை அறைக்குள் கொண்டு செல்ல நான்கு மணி நேரம் ஆயிற்று. அவர் பிழைக்கவில்லை. அன்று பணியிலிருந்த இளம் மருத்துவரை நான் குறைகூற மாட்டேன். கலந்து பேச அவருக்கு அருகில் ஒருவருமில்லை. எனவே, இத்துறையில் பயிலும் மருத்துவர்கள் மாவட்ட மருத்துவமனைகளில் சில மாதங்களேனும் பணியாற்றுவதைச் சுகாதார அமைச்சு கட்டாயமாக்குவதோடு, அங்குள்ளவர்கள் எந்நேரமும் விபத்து அறுவை நிபுணரைத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை பெறும் ஏற்பாட்டையும் செய்து தர வேண்டும்.

தோட்டப்புற வாசகர்,
பேரா மாநிலம்