தரம் 8 கொப்பியின் கடைசிப் பக்கம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோரே, பாதுகாவலர்களே,

வணக்கம். இரண்டாம் தவணைப் புள்ளி அறிக்கைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். இந்தக் கடிதம் புள்ளி பற்றியதல்ல, ஆனாலும் ஒரு புள்ளிக் கதையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. (அந்தக் கதையில் வரும் பிள்ளையின் தாயாரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

தரம் 9 மாணவர் ஒருவர் கணித விடைத்தாளைத் திருப்பிக் கொண்டுவந்து, "டீச்சர், கூட்டினது பிழை, எனக்கு 7 புள்ளி கூடப் போட்டிருக்கு" என்றார். ஆசிரியர் பார்த்தார், பிழைதான், குறைத்தார். வகுப்பில் அவருடைய இடமும் இறங்கிப் போனது. மறுநாள் அம்மா வந்தார். "சேர், பிள்ளை தானா வந்து உண்மையைச் சொன்னதுதானே, அதுக்காகவாவது அந்தப் புள்ளியை விட்டிருக்கலாமே?" கோபமில்லை, மனவருத்தம்தான். நானும் ஒரு தகப்பன். அந்தக் கேள்வி விளங்காமல் இல்லை. ஆனாலும் விடவில்லை. விட்டிருந்தால், உண்மை சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்றுதான் பிள்ளை படித்திருக்கும். ஒன்றும் கிடைக்காத நாளில் என்ன செய்யும்? காலை ஒன்றுகூடலில் மேடையேற்றிக் கைதட்டலாம் என்று சொன்ன ஆசிரியர்களுக்கும் இதே காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்றுவிட்டேன்.

விழுமியங்கள் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் விபுலானந்த அடிகளாரைத்தான் பிடிப்பார்கள். 1892இல் காரைதீவில் பிறந்தார், முத்தமிழ் வித்தகர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார் என்று எல்லாம் தண்ணீர்பட்டபாடு. அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று கேட்டால்தான் பேனை நின்றுவிடும். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர், அந்தப் பதவியை விட்டுச் சென்னைக்குப் போய் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். அதிபர் கதிரையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது, சரி, அது என் பாடு.

அதனால் இந்தத் தவணை தரம் 8 பிள்ளைகளிடம் கட்டுரை கேட்கவில்லை. 'எவ்வளவு நட்டம் வந்தாலும் நான் செய்யமாட்டேன்' என்று மூன்று விஷயங்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னோம். முதலில் வந்ததெல்லாம் 'பொய் சொல்லமாட்டேன், களவெடுக்கமாட்டேன்'. எப்போது, யாரிடம், எந்த இடத்தில் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அப்புறம்தான் உண்மையானவை வந்தன. 'ரியூசனுக்குப் போகாமல் மைதானத்தில் நின்றுவிட்டு, போனேன் என்று அம்மாவிடம் சொல்லமாட்டேன்.' 'பட்டப்பெயர் சொல்லி ஒருவனைக் கூப்பிடும்போது மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கமாட்டேன்.' இந்த இரண்டாவதைக் காப்பாற்றுவது லேசான வேலையல்ல. அடுத்த பட்டப்பெயர் சிரிக்காமல் நிற்பவனுக்குத்தான்.

இன்னொருவர் எழுதியிருந்தார்: 'வாவியில் சின்னக்கண் வலை போடமாட்டேன். அப்பா போடுறவர்.'

இதை வாசித்து எந்தத் தகப்பனுக்காவது முகம் சுருங்கினால் எனக்கு விளங்கும். யாருடைய பிள்ளை என்று சொல்லப்போவதில்லை, தேடவும் வேண்டாம். வாவிக்கரையில் பல வீட்டில் அந்த வலை இருக்கிறது. அது குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு வரும் என்பது தொழில் செய்கிறவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வலைக்கு வாங்கின கடனும், தொழிலுக்குப் போகமுடியாத மாரி நாட்களும் பிள்ளைக்குத் தெரியாது. அதைச் சொல்லுங்கள். "எனக்கும் விருப்பமில்லை மகன், இப்ப வேற வழியில்ல" என்றாலும் பரவாயில்லை, அதுவும் நேர்மைதான். "எனக்குப் படிப்பிக்க வந்திட்டாய்" என்று மட்டும் வாயை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை 'களவெடுக்கமாட்டேன்' என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்விடும்.

கொப்பிகள் இன்று வீட்டுக்கு வருகின்றன. வாசியுங்கள், கேள்வி கேளுங்கள், ஆனால் திருத்த வேண்டாம். எழுதிக்கொடுக்கவும் வேண்டாம், போன முறை சில கொப்பிகளில் பெரியவர்களின் எழுத்து அழகாகவே தெரிந்தது. பிள்ளை மனம் மாறினால் பழையதைக் கிழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, கீழே திகதியிட்டுப் புதிதாக எழுதலாம். பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால் அம்மம்மாவோ பெரியம்மாவோ வாசித்துக் கையெழுத்திடலாம். பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொப்பி வகுப்பாசிரியரிடம் திரும்பி வரவேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்
மட்டக்களப்பு