தீவுக்குப் புறப்படும் மகளுக்கு

திருத்துறைப்பூண்டி,
ஐப்பசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். "டெம்ப்ரரி டியூட்டிதாம்மா, மூணு மாசம், நிக்கோபார் பக்கம்" என்று போனில் சொன்னாய். எந்தத் தீவு என்று நீ சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றால் நானும் கேட்க மாட்டேன். போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ராணுவ டாக்டர். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வைத்தியம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மருந்தும் வண்டியும் நினைத்த நேரத்துக்கு வராத ஊர்களில் வேலை பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதோடு உன் உடம்பைப் பற்றி உனக்கே தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு இரண்டு வயது முடிந்திருந்த சமயம், காய்ச்சல் ஏறி ஒரு தடவை வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. அப்பாயி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து உன் கையில் திணித்தார்கள். நான் உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் வரவே இல்லை. குழந்தைகளுக்கு வருகிற சாதாரணக் காய்ச்சல் வலிப்புதான் அது. நீயும் மறந்தாய், நாங்களும் பேசவில்லை. நீ ராணுவத்தில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த காகிதங்களிலும் அது இருக்காது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், மலேரியா உள்ள இடத்துக்கு ஆறு வாரத்துக்கு மேல் போகிறவர்களுக்கு, அதுவும் ராணுவம், போலீஸ் ஆட்களுக்கு, அது வராமல் தடுக்க வாரம் ஒரு மெஃப்ளோகுயின் மாத்திரை, 250 மில்லிகிராம் என்றுதான் நம் அரசு வழிகாட்டுதலில் படித்திருக்கிறேன். ஆறு வாரத்துக்குள் என்றால் தினம் ஒரு டாக்ஸிசைக்ளின் 100. வலிப்பு வந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை காய்ச்சலில் வந்ததையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்பதை உங்கள் ஆட்கள் முடிவு செய்யட்டும். ஆனால் மருந்து எழுதுகிறவரிடம் இதை நீ கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்டரே நோயாளியாக உட்காரும்போதுதான் பாதி விஷயம் சொல்லாமல் போகிறது. மெஃப்ளோகுயினைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும் என்பதால் நாளைக்கே கேள். ஜி6பிடி என்ற என்சைம் ரத்தத்தில் குறைவா என்று பார்க்கிற சோதனையும் இதுவரை செய்யவில்லை என்றால் இங்கேயே செய்துகொண்டு போ. அங்கே போய்க் காய்ச்சல் வந்தபின் ப்ரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரை கொடுக்கலாமா கூடாதா என்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. உன்னோடு வருகிற ஜவான்களுக்கும் இதைப் பார்த்துவிடு.

நிக்கோபார் என்றதும் அப்பாவுக்கு ஒரே பெருமை. ராஜேந்திர சோழன் 1025-ல் கப்பல் அனுப்பி வென்ற இடங்களில் மாநக்கவாரமும், அதாவது நிக்கோபாரும், இருக்கிறது, தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இருக்கட்டும். எனக்கு நினைவு வந்தது தரங்கம்பாடிதான். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது டேனிஷ் கோட்டைக்கு உங்களைக் கூட்டிப்போனார்களே, அந்தக் கோட்டையில் இருந்தவர்கள் 1756-ல் நிக்கோபாரைத் தங்களுடையது என்று அறிவித்து, தரங்கம்பாடியிலிருந்தே நிர்வாகம் பார்த்தார்கள். குடியேறப் போன ஆட்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். சில வருஷத்திலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மறுபடி போனார்கள், மறுபடி விட்டார்கள். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டு இருந்த மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபைப் பாதிரிமார் 1768-ல் நான்கௌரி தீவுக்குப் போய், வரிசையாக ஆட்களைப் புதைத்துவிட்டு 1787-ல் கைவிட்டார்கள். கடைசியில் 1868-ல் டேனிஷ்காரர்கள் தீவுகளைப் பிரிட்டிஷாரிடம் விற்றே விட்டார்கள். அவர்களைத் தோற்கடித்தது எந்தப் படையும் இல்லை, கொசுதான். மலேரியா கொசுவால் வருகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு ஆளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தால் அது நம் குறைதான், பாப்பா. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அங்குள்ள மலேரியாக் கொசு உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த தேக்கத்தில் முட்டை வைக்கிற ரகம். வேதாரண்யம் பக்கத்து உப்பங்கழியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த மாதிரித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முகாமுக்குப் போன முதல் நாளே சுற்றிப் பார். இன்னொன்று: அந்தத் தீவுகள் நமக்கு ரொம்பக் கிழக்கே இருக்கின்றன, ஆனால் கடிகாரம் ஒன்றுதான். இங்கே இருட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அங்கே இருட்டிவிடும். ஐந்து மணிக்கு வாலிபால் ஆடிக்கொண்டிருக்கிற பையன்கள் அரைக்கால் சட்டையோடுதான் இருப்பார்கள். "இன்னும் மணி ஆகலியே மேடம்" என்பார்கள். நீ மணியைப் பார்க்காதே, வெளிச்சத்தைப் பார்த்து முழுக்கைச் சட்டை போடச் சொல். மருந்து நனைத்த கொசுவலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகியிருக்கிறார்களா என்று ராத்திரி ஒரு நடை போய்ப் பார். சப்-சென்டரில் நான் கொடுத்த வலைகளைத் தோட்டத்து வேலியில் பார்த்திருக்கிறேன். கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது.

அடுத்தது எலிக்காய்ச்சல். இப்போது இங்கே நடவு நடக்கிறது. நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வருகிற பெண்களுக்குக் கால் விரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, பிளந்திருக்கும். சேற்றுப்புண். வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவிக்கொண்டு மறுநாளும் அதே வயலில் இறங்குவார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அந்தப் பிளவு வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தமானில் 1980களின் கடைசியில் ஆட்களை ரத்தம் கக்க வைத்த ஒரு காய்ச்சல் என்னவென்று தெரியாமல் இருந்தது. அதுவும் எலிக்காய்ச்சல்தான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மழைக்காட்டில் பூட்ஸோடு நடக்கிற ஜவானுக்கும் நம் நடவுக்காரிக்கும் கால் ஒன்றுதான். பூட்ஸைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கைப் பார். காய்ந்த சாக்ஸ் ஆளுக்கு ஒரு ஜோடி தனியாக, பாலிதீன் பையில் கட்டி வைத்திருக்கட்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் மலேரியா கிட்டில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பிவிடாதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதத்தான் செய்வேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2018-ல் கஜா அடித்தபோது என் பகுதி ஊர்களுக்கு மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது. கரண்ட் வர வாரக்கணக்கானது. முதல் இரண்டு நாளில் வந்தது மருத்துவப் புத்தகத்தில் உள்ள கேள்வியே இல்லை. எந்தக் கர்ப்பிணிக்கு நாள் நெருங்கியிருக்கிறது, யாருக்கு டயாலிசிஸ், யார் இன்சுலின் போடுகிறார்கள், எந்தப் பக்கம் டிராக்டர் போகும். ஃபிரிட்ஜ் இல்லாமல் இன்சுலினை ஈர மணலில் புதைத்த மண்பானையில் வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். என் நோட்டில் பெயர், ஊர், வழி மூன்றும் இருந்ததால்தான் ஆட்களை வெளியே கொண்டுபோக முடிந்தது. தீவு என்பது தினமும் அப்படித்தான். அதனால் போய் இறங்கியதும் முதலில் கேட்க வேண்டியது, ஆளை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான். ஹெலிகாப்டர் யாரைக் கூப்பிட்டால் வரும், ராத்திரி வருமா, மேகம் இறங்கியிருந்தால் வருமா, வராவிட்டால் கப்பல் எப்போது. போர்ட் பிளேரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள், கடற்படை ஆஸ்பத்திரி தன்வந்தரி இருக்கிறது. ஆனால் கார் நிக்கோபாரிலிருந்தே அது 270 கிலோமீட்டருக்குக் குறையாது, கிரேட் நிக்கோபாரில் உள்ள காம்ப்பெல் பே என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் நீ நினைத்ததைவிட ஒரு நாள் முன்பே அனுப்பும் முடிவை எடு. அனாவசியமாக அனுப்பிவிட்டாய் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ரத்தம் அங்கே பாட்டிலில் தயாராக இருக்காது, மனிதர்களுக்குள்தான் இருக்கும். யாருக்கு என்ன குரூப், யார் கொடுக்கத் தகுதி என்று முதல் வாரமே பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டு. பொறுப்பு ஒப்படைப்பவர் தருகிற ஸ்டாக் ரிஜிஸ்டரில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதே. அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றின் எக்ஸ்பயரியையும் உன் கண்ணால் பார். பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று எழுதியிருக்கும். அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நம் நாலு பாம்பின் விஷத்தை வைத்துச் செய்தது. அங்கே கடிக்கப் போவது குழிவிரியன் என்றால் அது கேட்காது. வீங்கின காலைப் பார்த்து ஊசிக்கு மேல் ஊசி போடச் சொல்லி சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள். அப்போது நிதானம் வேண்டும்.

சுனாமியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் நிலம் ஆடியது நம் நேரப்படி காலை ஆறரைக்கு. நாகப்பட்டினத்தில் அலை ஏறியது ஒன்பது மணி வாக்கில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் சொல்ல ஆள் இல்லாமல் அத்தனை பேர் போனார்கள். நிக்கோபாருக்கு அந்த அவகாசமும் கிடையாது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் குடும்பத்தாரும் போனார்கள். இப்போது ஹைதராபாத்தில் உள்ள சுனாமி மையத்திலிருந்து எச்சரிக்கை வருகிறது, நல்லதுதான். ஆனால் நிற்க முடியாத அளவுக்குத் தரை ஆடினால் சைரனுக்காகக் காத்திருக்காதே. நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறு. எந்த மேடு, எந்த வழி, படுத்திருப்பவரைத் தூக்க எத்தனை பேர் என்று வார்டுக்குள் ஒருமுறை நடந்து பார்த்து வை. அன்றைக்கு நாகப்பட்டினம் முகாமில் பார்த்த காயங்கள் எனக்கு மறக்காது. மேலே பார்த்தால் சின்னக் கிழிசல், உள்ளே கைப்பிடி மணல். அவசரத்தில் தைத்து அனுப்பிய காயமெல்லாம் சீழ் பிடித்துத் திரும்பி வந்தது. பவளப்பாறை கிழித்த காலும் அப்படித்தான் இருக்கும். நன்றாகக் கழுவு, தேய்த்துக் கழுவு, தைக்க அவசரப்படாதே.

ஊர்க்காரர்களிடம் மரியாதையாக இரு. நிக்கோபார் கிராமங்களில் ஊர்த் தலைவரைக் கேப்டன் என்றுதான் சொல்கிறார்கள். உன் தோளில் நட்சத்திரம் இருந்தாலும் முதலில் போய் வணக்கம் சொல்ல வேண்டியது நீ. காம்ப்பெல் பேயில் 1969-லிருந்து குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவக் குடும்பங்கள் இருக்கின்றன, அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அந்தப் பக்கம் போனால் சாப்பாட்டுக்குக் கவலை இருக்காது.

பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், பொரிவிளங்காய் உருண்டை, கும்பகோணம் காப்பித்தூள் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். ஈரக்காற்றில் ஒன்றைப் பிரித்தால் மற்றது கெடாது. ஸ்டெத்தும் காது பார்க்கிற கருவியும் வைக்கிற பெட்டியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போடு, பூஞ்சை பிடிக்காது. வாரம் ஒரு தடவை அரிசியை மாற்று.

2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டதிலிருந்து அங்கே போன் பரவாயில்லை என்கிறார்கள். எனக்குத் தினமும் பேச வேண்டாம். வாரம் ஒரு நாள், மாத்திரை போடுகிற நாளில், "போட்டுட்டேன்" என்று ஒரு மெசேஜ் போதும். திரும்பி வந்தபிறகும் நாலு வாரம் மாத்திரையை விடக் கூடாது. லீவில் நீ இங்கே இருக்கும்போது நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போகிறார், பார்சலை அங்கே போட்டுவிடுவார். அதற்குள் வலிப்பு விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டு, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா