காய்ந்த இலையும் கண்ணாடிப் போத்தலும்

அன்புள்ள மகள்,

இலையுதிர் காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். ஒட்டாவாவில் செப்டம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரைதான் நிறம் உச்சத்தில் நிற்கும். ஒக்டோபர் இரண்டாம் திங்கள் வரும் நன்றி நாள் விடுமுறையில் பொறுக்கப் போங்கள். பிந்தினால், ஒரு காற்று அடித்து முடிய நிலத்தில் மண்ணிற இலைதான் மிஞ்சும்.

இந்த வேலையில் அநேகமாக எல்லாம் கெட்டுப்போவது ஈரத்தால். இலை பூஞ்சணம் பிடிப்பதும், சுருளுவதும், ஒட்டியது உரிந்து வருவதும் அதனால்தான். ஆகவே காலைப் பனி காய்ந்த பிறகு, மத்தியானத்துக்குக் கிட்டப் போ. அன்று விழுந்த இலையாக, காம்பை வளைத்தால் முறியாததாகப் பார்த்து எடுக்கச் சொல்லு. பிளாஸ்டிக் பையில் போடாதே, வேர்த்துவிடும். கடதாசிப் பை நல்லது.

தேசியப் பூங்காக்களில் எதையும் பொறுக்கி வரக் கூடாது. உங்கள் வளவும் தெருவோரமும் போதும். ஆனால் தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பொய்சன் ஐவிச் செடியைப் பெரியவனுக்குக் காட்டிக் கொடு. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு கொஞ்சம் நீளம். இந்த நாட்களில் அது வடிவான சிவப்பாகிவிடும், பிள்ளைகளின் கை முதலில் அதற்குத்தான் போகும். காய்ந்த இலையிலும் அதன் எண்ணெய் இருக்கும். தொட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவு. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்பக்கம், தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார். குளிர் தொடங்கிய பிறகும் அது கடிக்கும்.

இலையை அழுத்துவதற்குப் பழைய பத்திரிகை போதும், மினுங்கும் தாள் ஈரத்தை உறிஞ்சாது. இலைகள் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, மேலே நாலைந்து பாரமான புத்தகம் வை. முதல் மூன்று நாளும் தாளைக் கட்டாயம் மாற்று. இதைச் சோம்பி விட்டுவிடுவதால்தான் அநேகம் பேரின் இலை கறுத்துப்போகிறது. மேப்பிள் இலைக்கு ஏழிலிருந்து பத்து நாள் பிடிக்கும். ஓக் இலை தடிப்பு, இரண்டு வாரம் விடு.

அந்த இரண்டு வாரமும் சின்னவள் பொறுத்திருக்க மாட்டாள். அவளுக்கு அன்றே செய்ய நிறம் தேய்க்கும் வேலை கொடு. பச்சை ஈரம் போகாத இலையை நரம்புப் பக்கம் மேலே வைத்து, மெல்லிய கடதாசியால் மூடி, நான்கு மூலையையும் ரேப்பால் ஒட்டிவிடு. கிரெயோனின் உறையை உரித்து, கூரால் கீறாமல் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். காய்ந்த இலை இதற்குச் சரிவராது, நொறுங்கிவிடும்.

இனி போத்தல் விளக்கு. இவற்றில் மிகவும் வடிவானது இதுதான், பிள்ளைகளின் கைக்கும் அடங்கும். வாய் அகலமான 500 மில்லி கண்ணாடிப் போத்தலைக் கழுவித் துடை. லேபிள் பசையைச் சமையல் எண்ணெய் பூசி எடுத்து, மறுபடி சவர்க்காரத்தால் கழுவு. எண்ணெய் மிஞ்சினால் ஒன்றும் ஒட்டாது. வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்துகொள். போத்தலின் வெளிப்பக்கம் முழுவதும் ஒரேயடியாகப் பூசாதே. ஒரு இலைக்குரிய இடத்தில் மட்டும் பூசி, இலையை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவச் சொல்லு. உள்ளங்கையை விடச் சின்ன இலைகளாகத் தெரிந்தெடு, காம்பை ஒட்ட வெட்டிவிடு. பெரிய இலையின் நடு நரம்பு போத்தலின் வளைவுக்கு மடங்காது, ஓரம் கிளம்பி நிற்கும். கிளம்பினால், கிழித்த ரிஷூக் கடதாசித் துண்டை மேலே வைத்துப் பசை பூசு, அது பிடித்து இழுத்துவிடும். முதல் பூச்சு காய்ந்த பிறகு இன்னொன்று, மெல்லியதாக. தடிப்பாகப் பூசினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நிற்கும். ஒரு முழு நாள் காயவிடு. உள்ளே பற்றரி விளக்கு மட்டும் வை, காய்ந்த இலைக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

தேன்மெழுகில் தோய்ப்பது உன் வேலை, பிள்ளைகள் பார்க்கட்டும். மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். நேரே நெருப்பில் வைக்காதே, பற்றிக்கொள்ளும். கொதிநீர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து உருக்கு. காம்பில் பிடித்து இரண்டு செக்கன் தோய்த்து, சொட்டவிட்டு, நூலில் தொங்கவிடு. மெழுகு கூடச் சுட்டால் இலை சுருளும், ஆறிப்போனால் வெள்ளைப் படலமாக ஒட்டும்.

ஓக் கொட்டைகளை முதலில் தண்ணீரில் போடு. மிதப்பவற்றில் பெரும்பாலும் புழு இருக்கும், அவற்றை வெளியே கொட்டிவிடு. மற்றதைத் துடைத்து, ஓவனில் 80 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் வை, இடையில் புரட்டிவிடு. இல்லாவிட்டால் சில நாளில் மேசையில் புழு ஊரும். காயும்போது கொட்டை சுருங்குவதால் தொப்பி கழலும், அதைப் பசையால் ஒட்டுவது பெரியவனுக்கு ஏற்ற வேலை. சின்னவள் இன்னும் எதையும் வாயில் வைக்கிறாள் என்றால் கொட்டையை அவளிடம் கொடுக்காதே. ஹோர்ஸ் செஸ்ட்நட் கொட்டை நச்சு, தின்னக் கூடாது என்று இருவருக்கும் சொல்லிவை.

பைன் காயை வைத்து ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீரில் மட்டும் போட்டுக் காட்டு. செதிலின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விடக் கூட ஊறி வளைவதால் காய் மூடிக்கொள்ளும், காய்ந்ததும் திறக்கும்.

இலை ஏன் சிவக்கிறது என்று பெரியவன் கேட்டால்: பச்சை நிறம் கரைந்து போகும்போது உள்ளே முதலே இருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, வெயில் பகலும் குளிர் இரவுமாக இருக்கும்போது இலை அதைப் புதிதாகச் செய்கிறது. அழுத்திய இலையை வெயிலில் வைத்தால் அந்தச் சிவப்பு வெளிறும். ஆகையால் மிச்ச இலைகளைக் கடதாசி உறையில், இருட்டான அலுமாரியில் வை.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்த பிறகு ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கார்த்திகை விளக்கீட்டுக்கும் சேர்த்து இரண்டு போத்தல் கூடச் செய்து வையுங்கள். வாசலுக்கு வெளியே வைக்காதே, பனி பட்டால் பசை மறுபடி இளகி வெள்ளையாகும். யன்னலுக்கு உள்ளே வை, தெருவுக்கும் தெரியும்.

அன்புடன்,
அம்மா