குருத்து வெளுத்த கதை

கூடல் நகர், மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்கு முடியிறக்கிய சேதியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கிறாயா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

மீன்தொட்டிச் செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான்கு மாதமாக எனக்கு அதுதான் கவலை. நடுவில் வைத்த அமேசான் வாள்செடி விடுகிற புது இலையெல்லாம் வெளிறியே வந்தது. நரம்பு மட்டும் பச்சை, இடைப்பட்ட இடமெல்லாம் வெள்ளைத்தாள். பின்னால் மீன் போனால் இலைவழியே நிழல் தெரியும். அடியிலிருந்த பழைய இலைகளோ நல்ல கரும்பச்சை.

அப்போதுதான் உன் அப்பா ஞாபகம் வந்தார். அலங்காநல்லூர்த் தோட்டத்தில் கரும்பு வெளுத்தால், முதலில் குருத்தா அடித்தோகையா என்றுதான் பார்ப்பார். குருத்து என்றால் இரும்புச்சத்துக் குறை என்று அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளிப்பார். தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கும் அதே கணக்குதான். தழைச்சத்தோ மணிச்சத்தோ சாம்பல்சத்தோ (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். பழசுதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படியில்லை. போய்ச் சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும், பஞ்சம் வந்தால் குருத்துதான் பட்டினி.

சரி, இரும்புதான் என்று கடையில் திரவ உரம் வாங்கி ஊற்றினேன். மாறவில்லை என்று இரண்டு பங்காக ஊற்றினேன். அப்போதும் குருத்து வெளுத்துத்தான் வந்தது. பிறகு தண்ணீரைச் சோதித்தால் பி.எச். (அமில-கார அளவு) 8; ஏழைத் தாண்டினாலே காரம். எங்கள் போர் தண்ணீர் உனக்குத் தெரியுமே, கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். புட்டியில் இருந்தது இ.டி.டி.ஏ.வோடு கட்டிய இரும்பு; இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கிற வேதிப்பொருள் அது. பி.எச். 7-ஐத் தாண்டினால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும். இரும்பு துருவாக மாறி அடியில் படியும். தொட்டியில் இரும்பு இருந்தும் செடி வாய்க்கு எட்டவில்லை.

வாள்செடி வேரால் நன்றாகச் சாப்பிடுகிற செடி. அதனால் கண்மாய்க் கரம்பையை, அதாவது வண்டல் மண்ணைக், காயவைத்துச் சலித்து, ஒரு சிட்டிகை அன்னபேதி சேர்த்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி வேர்ப்பக்கம் ஆழமாகப் புதைத்தேன். நீர் கட்டிய வயலில் நெல்லுக்கு இரும்பு கிடைப்பதும் இந்த வழியில்தான்: காற்று புகாத சேற்றில் துரு திரும்பக் கரையும். தண்ணீர் மாற்றும்போது பாதிக்குப் பாதி மழைத்தண்ணீரும் கலந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு குருத்து லேசான செம்பு நிறத்தில் சுருண்டு வந்து, விரிந்ததும் முழுப் பச்சையாக நின்றது. அன்று ராத்திரி விளக்கை அணைக்கவே மனம் வரவில்லை.

அப்புறம், உன் ஜாவா ஃபெர்னில் ஊசிக்குத்து போல ஓட்டை விழுகிறது என்றாயே, அது பழைய இலையிலா? அப்படியென்றால் சாம்பல்சத்துக் குறைதான் என்று எனக்குப் படுகிறது. உனக்குச் சிறுவாணித் தண்ணீர், அதில் உப்பே குறைவு. பொட்டாசியம் சல்பேட்டைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றிப் பார். அது தண்ணீரிலிருந்து சாப்பிடுகிற செடி; கரம்பை உருண்டை அதற்கு உதவாது, தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். ஓட்டை விழுந்த இலை தேறாது, இனி வருகிற இலையைப் பார்.

மழைக்கு முன்னால் ஒருமுறை வந்துவிட்டுப் போ. கரம்பை ஒரு சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன். முழங்காலைப் பற்றி மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மாப்ள