பிரமதண்டும் உன் கொத்தமல்லியும்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, உளுந்து வேலை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டிருந்த நேரம் பார்த்து மழை, பாதி கறுத்துப்போய் விற்ற காசு ஆள் கூலிக்குச் சரியாகப் போயிற்று. அதை விடு. சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம், மாப்பிள்ளை மன்னார்குடிப் பக்கம், தேதி குறித்ததும் எழுதுகிறேன்.

சரி, உன் கொத்தமல்லி. தொட்டியில் முதலில் அகல இலையாக வந்தது, பூக்கும்போது மேலே நூல் நூலாக மாறிவிட்டது, கடைக்காரன் விதையைக் கலந்துவிட்டான் என்று திட்டியிருந்தாய். அவன்மேல் தப்பில்லை. ஒரே செடிதான், இளமையில் ஓர் இலை, பூக்கும் வயதில் வேறோர் இலை. நாற்பது வருஷமாகக் கொத்தமல்லி தின்கிற நீ இப்போதுதான் அதைப் பூக்க விட்டிருக்கிறாய், அவ்வளவுதான்.

ஆனால் உன் கேள்வி என்னை விடவில்லை. இலைக்கு ஏன் இந்த வெட்டு? யார் வெட்டுகிறார்கள்? அந்த யோசனையோடு குடமுருட்டிக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலெல்லாம் பிரமதண்டு மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. குளிக்கப் போகும்போது நீ வெறுங்காலில் மிதித்துவிட்டு ஊரையே கூட்டினாயே, அதே குடியோட்டிப்பூண்டுதான். மெக்சிகோப் பக்கத்துச் செடி, இங்கே நம் ஊர்க்காரன்போல உட்கார்ந்துவிட்டது. கசகசாவுக்குப் பங்காளி, இரண்டும் பாப்பாவரேசிக் குடும்பம். விதை அச்சு அசல் கடுகு மாதிரி இருக்கும், அந்த எண்ணெயைக் கடுகெண்ணெயில் கலந்துதான் 1998இல் டெல்லியில் அத்தனை பேருக்கு உடம்பு வீங்கி, பலர் செத்தும் போனார்கள்.

பூக்காத ஓர் இளஞ்செடியை வேரோடு எடுத்து வந்து திண்ணையில் வைத்து, வெளியிலிருந்து ஒவ்வோர் இலையாக உரித்தேன். வெளி இலை ஒரு சாண் நீளம், நரம்போரம் வெள்ளை பூசினதுபோல் இருக்கும், ஓரமெல்லாம் ஆழமாக உள்வாங்கி ஒவ்வொரு மடல் நுனியிலும் முள். உரிக்க உரிக்க மஞ்சள் பால் கையெல்லாம் ஒட்டுகிறது, இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. கடைசியில் குருத்துக்குள் அரிசியில் பாதிகூட இல்லாத ஓர் இலை. லென்ஸில் பார்த்தால் அதற்குள்ளேயே மடலெல்லாம் பல் பல்லாக வந்து நிற்கிறது! முழு இலையாக வளர்ந்து பிறகு யாரோ கத்தரித்தது இல்லை, ரவி. தொடங்கும்போதே அப்படித்தான் தொடங்குகிறது.

நம் ஊரில் இலை பிளக்க மூன்று வழி உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. வாழையிலையைக் காற்று கிழிக்கிறது. தென்னை தானே பிரித்துக்கொள்கிறது: குருத்துக்குள் ஓலை முதலில் விசிறிபோல் மடிந்த ஒரே தகடு, பிறகு மடிப்போரம் திசு விட்டுப் பிரிந்து கீற்றாகிறது. பிரமதண்டில் இந்த இரண்டும் இல்லை. இளம் இலையின் ஓரத்தில் ஆங்காங்கே ஆக்சின் என்ற ஹார்மோன் சேர்கிறது, சேர்ந்த இடம் மடலாக எழும்புகிறது, நடுவில் இருக்கிற இடத்தை வேறு மரபணுக்கள் வளரவிடாமல் பிடித்து வைக்கின்றன. மடை திறந்த பக்கம் பயிர் எழும்பி, தண்ணீர் ஏறாத மேடு குட்டையாக நிற்குமே, அப்படி.

இதில் பெரிய ஆள் நாக்ஸ் என்ற மரபணுக் கூட்டம். செடியின் நுனி ஆக்குத்திசுவில், அதாவது புது இலை கிளம்புகிற இளந்திசுவில், அது இருக்கிறவரை செல்கள் எதுவாகவும் முடிவெடுக்காமல் பெருகிக்கொண்டே இருக்கும். இலை கிளம்புகிற இடத்தில் செடி அதை அணைத்துவிடும். சாதாரண இலைக்குக் கதை அதோடு முடிந்தது. தக்காளி மாதிரிக் கூட்டிலையில், அதாவது ஒரே இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதில், அணைத்ததை மறுபடி ஏற்றுகிறது. 1991இல் மக்காச்சோளத்தில் இந்த மரபணுவைக் கண்டார்கள், 1996இல் அதைத் தக்காளியில் தூக்கலாக ஓடவிட்டபோது இலை பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, எண்ண முடியாத சிற்றிலைகளாகிவிட்டது. பிரமதண்டின் இன்னொரு பங்காளியான கலிபோர்னியா பாப்பியின் இளம் இலையிலும் இந்த மரபணுக்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். பட்டாணிதான் கோணங்கி, அதே வேலைக்குப் பூவை உண்டாக்குகிற வேறொரு மரபணுவை வைத்துக்கொண்டிருக்கிறது.

பங்காளிகளையே பார். கசகசாச் செடிக்குத் தண்டைக் கட்டிப்பிடித்த அகல இலை, ஓரத்தில் பல் மட்டும். கலிபோர்னியா பாப்பிக்குச் சோம்புத் தழைபோல் இழை இழையாக. இந்தக் குடும்பத்திலேயே சிலதில் மடல்கள் அடியிலிருந்து நுனிக்கு வரும், சிலதில் நுனியிலிருந்து அடிக்கு. புது மரபணு எதுவும் பெரிதாக வேண்டியதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஓரம் எத்தனை நாள் இளமையாக இருக்கிறது, எந்தப் பக்கம் முதலில் முற்றுகிறது என்ற கணக்கு மாறினாலே வேறு இலை வந்துவிடும். இன்னொரு வேடிக்கை, குருத்தில் மடல் மடலாகத் தொடங்கி, வளரும்போது இடைவெளியெல்லாம் நிரம்பி ஒரே இலையாகிவிடுகிற செடிகளும் இருக்கின்றன. வளர்ந்ததை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் உன் கொத்தமல்லியிலும் குருத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுது, கீழ்க் குருத்து ஒன்று, பூக்காம்புக்குக் கீழே ஒன்று.

வைகாசிக்குள் ஒரு தடவை வா. ஜூனில் மேட்டூர் திறந்துவிட்டால் மணலும் பிரமதண்டும் தண்ணீருக்குள் போய்விடும். வரும்போது செருப்புப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
மணி