ஞாயிறு காலை லாரி நிறுத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை

ஓட்டுநர், கிளீனர் தோழர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 9 மணி முதல் நம் லாரி நிறுத்தத்திலேயே எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கிறது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்திலிருந்து ஆலோசகர் வருகிறார். கட்டணம் இல்லை. விரல் நுனியில் ஒரு குத்து, அரை மணி நேரத்தில் முடிவு. லோடு ஏற்றுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

உறையில்லாமல் உறவு கொண்டதுண்டா என்று கேட்பார்கள். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் சம்மதமின்றி முடிவை முதலாளியிடம் சொல்ல 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் அனுமதிப்பதில்லை. இதைக் காட்டி வேலையை விட்டு நீக்குவதையும் அது தடுக்கிறது.

போன வாரம் ஏதாவது நடந்திருந்தால் இப்போதைய பரிசோதனையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 72 மணி நேரம் தாண்டவில்லையென்றால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். தடுப்பு மருந்து இருக்கிறது.

தொற்று இருக்கலாம் என்று வந்தாலும் அதுவே கடைசி முடிவல்ல, மையத்தில் மீண்டும் உறுதிசெய்வார்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை 2004 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் மனைவிக்குப் பரவாது.

இன்னொன்று. ஆணுறையை இன்ஜின் சூடு படும் இடத்திலோ பின்பாக்கெட் பர்சிலோ வைக்காதீர்கள், கிழிந்துவிடும். அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவவும் கூடாது.

வர முடியாதவர்கள் 1097இல் இலவசமாகப் பேசலாம்.

யார் வந்தார், யார் வரவில்லை என்று இங்கே பதிவிடுபவர் யாராக இருந்தாலும் குழுவிலிருந்து நீக்கிவிடுவேன்.