கதிரின் படிப்பு குறித்து அண்ணனுக்கு

எஸ்லிங்கன், ஜெர்மனி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடித்த கதிர் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர ஆசைப்படுவதாகவும், அண்ணிக்கு அதில் மனமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கே நான் அன்றாடம் காண்பதைச் சொன்னால் நீங்கள் முடிவெடுக்க உதவும் என்று எண்ணி, சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஆலையில் ஆண்டுதோறும் செப்டம்பரில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். கணினியால் இயங்கும் எந்திரங்கள் வரிசையாக நின்றாலும், தொடக்க வாரங்களில் அவர்கள் கைக்கு வருவது அரம்தான். இரும்புத் துண்டை வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் இறுக்கி ராவுகிறார்கள். பிறகு மூலைமட்டத்தைப் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்கள். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை விரல்கள் அறிந்த பிறகே லேத் என்னும் கடைசல் எந்திரத்துக்குப் போகிறார்கள்.

வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆலையிலும், எஞ்சிய நாள்களில் தொழிற்பள்ளியிலும் கழிகின்றன. பள்ளியில் கற்கும் கணக்கும் வரைபடமும் மறுநாளே எந்திரத்தின் முன் பயன்படுவதால், எதற்காகப் படிக்கிறோம் என்ற ஐயம் பிள்ளைகளுக்கு எழுவதில்லை. தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை நீளும் இந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் ஊதியம் உண்டு. 2020 முதல் சட்டமே குறைந்தபட்சத் தொகையை உறுதிசெய்கிறது. அந்த ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு முதலாண்டில் அது மாதம் 515 யூரோ. ஏழை வீட்டுப் பிள்ளை படிப்பா, வருமானமா என்று தவிக்க வேண்டியதில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இவற்றைவிட முக்கியமானது தேர்வு. 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டப்படி, பயிற்சி கொடுத்த ஆலையே சான்றிதழையும் கொடுத்துவிட முடியாது. தொழில் வணிகச் சங்கம் அமைக்கும் குழுவில் முதலாளிகளின் சார்பிலும் தொழிலாளர்களின் சார்பிலும் ஆட்கள் இருப்பார்கள், ஆசிரியரும் இருப்பார். அவர்கள் கூடித்தான் தேர்வு நடத்துகிறார்கள். அதனால் அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். நம் கோவையில் கணபதி, பீளமேடு பகுதிப் பட்டறைகளில் தொழில் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை, அண்ணா. கற்றதற்குத் தாளில் சாட்சி இல்லாததால்தான், இடம் மாறினால் அவர்கள் மீண்டும் ஹெல்பர் சம்பளத்துக்கு நிற்க நேர்கிறது.

இங்கு 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு, ரொட்டி சுடுபவர் முதல் வங்கி எழுத்தர் வரை, இதே முறைதான். தேவையைக் கண்டு ஆலைகளே ஆள் எடுத்துப் பயிற்றுவிப்பதால், ஐரோப்பாவில் இளைஞர் வேலையின்மை மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாக ஜெர்மனி இருந்துவருகிறது. தொழிலில் தேறியவர் பிறகு 'மைஸ்டர்' என்னும் தொழில் வல்லுநர் தேர்வு எழுதித் தாமே பட்டறை நடத்தலாம், பல்கலைக்கழகத்திலும் சேரலாம்.

குறையும் உண்டு. இம்மாநிலத்தில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே, பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். அந்த வயதில் ஒரு குழந்தையின் ஆற்றலை யார் அளக்க முடியும்? வீட்டில் ஜெர்மன் பேசாத குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இது கூடுதல் பாரம். இதை நாம் பின்பற்றவே கூடாது.

தொழிற்கல்விக்கு முதலிடம் தரும் எண்ணம் கோவைக்குப் புதிதன்று. 1945இல் நம் ஊரில் தொழிற்கல்விக்கூடம் அமைத்த ஜி.டி. நாயுடு, நான்காண்டுப் பொறியியல் படிப்பு நீளம் என்றும் இரண்டாண்டே போதும் என்றும் வாதாடியவர்.

ஆகவே, கதிரின் ஆசையைத் தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. மேற்படிப்பு அடைபட்டுவிடும் என்ற அச்சம் தேவையில்லை என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

சேர்ப்பதற்கு முன் நீங்களே நேரில் சென்று பயிற்சிக்கூடத்தைப் பாருங்கள். எந்திரங்கள் ஓடுகின்றனவா, ஒரு லேத்துக்கு எத்தனை பிள்ளைகள், அப்ரண்டிஸ் பயிற்சிக்கு எந்த ஆலைகள் ஆள் எடுக்கின்றன, அங்கே உதவித்தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கிடைத்த பதில்களை எனக்கு எழுதுங்கள். கடைசல் வேலை கற்கும் டர்னர் பிரிவா, பொருத்து வேலை கற்கும் பிட்டர் பிரிவா என்பதைக் கதிரிடம் பேசி முடிவுசெய்வோம்.

அன்புடன்,
உங்கள் தம்பி